பிறவிக்கண் முத்திரை

“திங்கக்கிழமை ஆபரேஷன். நான் போறேன், அவ்வளவுதான்—”

“பஸ்கா பண்டிகை முடியட்டும்னுதானே அக்கா சொல்றேன், வேண்டாம்னா சொல்றேன்—”

“போன வருஷமும் இதையேதான் சொன்னே!”

“போன வருஷம் உனக்குக் கண் ஓரளவு நல்லா இருந்துச்சு!”

“அப்ப இந்த வருஷம் இல்லைன்னு தெரியுது. தெரிஞ்சுதானே அஞ்சு கூடையைத் தூக்கிட்டு வந்து நிக்கறே?”

ஒபதியா லெட்டூஸ் கீரைக் கூடைகளைச் சமையல் மேடையில் வைத்தான். ஜெப ஆலயத்தின் சமையல் குழுத் தலைவன் அவன். சிப்போரா அவனைவிட ஏழு வயது மூத்தவள். சென்னையில் வாழ்ந்த நாற்பது யூதக் குடும்பங்களில், தாய் வயிற்றிலிருந்து கொண்டுவந்த கண்ணோடு இருப்பவள் அவள் ஒருத்திதான்.

மற்ற எல்லோருக்கும் நுண்விழி, நுண்ணோக்கி போலப் பார்க்கும் செயற்கைக் கண். கிருமிக்குப் பயந்து ஊரே அதைக் கண்ணுக்குள் பொருத்திக்கொண்டது. பிறகு ஊரே குமட்டியது. மாவில் ஊர்வது தெரிந்தது. பக்கத்தில் படுத்திருக்கும் புருஷனின் இமைமயிரில் ஊர்வதும் தெரிந்தது. மற்றவர்கள் முகம் சுளித்துவிட்டுச் சாப்பிட்டார்கள். யூதர்களால் முடியவில்லை. பூச்சி புழு அவர்கள் சட்டத்தில் விலக்கு. அரிசியிலும் கீரையிலும் தண்ணீரிலும் கூடப் பூச்சி தெரிந்தால் எதைத்தான் தின்பது?

யூத குருமார்களான ரபிகள் கூடி வழி சொன்னார்கள். வெறுங்கண்ணுக்குத் தெரியும் பூச்சிதான் விலக்கு. நுண்விழி ஒரு கருவி; அது கண்டது கணக்கில் வராது. பிறவிக்கண் உள்ள ஒருவர் பார்த்து, தெரியவில்லை என்றால் சுத்தம். சுத்தமானதற்கு முத்திரை. முத்திரையைக் கண்டதும் நுண்விழி தானாகவே ஒரு மறைதிரையைப் போட்டு, பூச்சியைப் பார்வையிலிருந்து அழித்து வெறும் இலையைக் காட்டும். குமட்டலும் போயிற்று, பாவமும் போயிற்று.

“டாக்டர் சொன்னதைக் கேளு,” என்றாள் சிப்போரா. பேசிக்கொண்டே பழக்கத்தில் ஒரு கீரைக்கட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பச்சையாக ஒரு மூட்டம் தெரிந்தது. “புரை மட்டும் இல்லையாம். கண்ணுல அழுத்தமும் ஏறிடுச்சாம். இன்னும் ஒரு மாசம் விட்டா நரம்பு செத்துடும். அப்புறம் எந்த விழியை வெச்சாலும் இருட்டுதான்.”

“பழைய மாதிரி சாதா லென்ஸ் வெக்கச் சொல்லேன்.”

“இப்ப எவன் அதைச் செய்யறான்?”

“நீயும் நுண்விழிக்குப் போயிட்டா நாப்பது வீட்டுலயும் இந்தக் கசப்புக் கீரை கிடையாது அக்கா. எகிப்துல அடிமையா இருந்ததை நினைச்சு பஸ்கா அன்னிக்கு ஒவ்வொரு வாயும் அதைத் தின்னணும்.”

“அடிமைத்தனம் நினைப்புக்கு வர எனக்குக் கீரை வேண்டாம்டா. உன் மூஞ்சியைப் பாத்தா போதும்.” இலையைக் கண்ணோடு ஒட்டி வைத்தாள். “மசமசன்னு இருக்கு. ஏதாவது இருந்தா நீ சொல்லு.”

“நான் பாத்தது கணக்கில்லையே. உனக்குத் தெரியுதா?”

“தெரியலை.”

“அப்ப சுத்தம்.” அவன் தப்பென்று முத்திரை குத்தினான்.

கீரைக்கட்டைக் கீழே வைக்கப்போன அவள் விரலில் குளிர்ச்சியாக ஏதோ வளைந்தது. பருத்து, மெத்தென்று, மெதுவாக ஊர்ந்தது. அவள் கையை உதறவில்லை.

“டேய், இது என்ன?”

“எது? வெறும் இலைதான் தெரியுது.”

“முத்திரை குத்தறதுக்கு முன்னாடி என்ன தெரிஞ்சுது?”

“அது... கணக்கில்லை அக்கா.”

“விரற்கணு நீளத்துக்கு இருக்குடா! இதுக்கு நுண்விழி எதுக்கு? ரோட்டுல போற மாடு பாக்கும்! எத்தனை நாளா இப்படி?”

ஒபதியா முத்திரைக்கட்டையைத் துடைத்தான். “முன்னெல்லாம் நீ பாதிக் கூடையைத் தள்ளிடுவே. ஜனங்க முணுமுணுப்பாங்க. இந்த ஒரு வருஷமா நீ எதையும் தள்ளறதில்லை. எல்லாரும் திருப்தியாச் சாப்பிடறாங்க.”

“நானும் அதைத்தானே தின்னேன்!”

“உனக்குத்தான் தெரியலையே. அப்புறம் என்ன பாவம்?”

வெள்ளிக்கிழமைச் சாதத்தில் பல்லிடுக்கில் பிசுபிசுத்தது எதுவென்று அவளுக்கு இப்போது புரிந்தது. தொட்டியில் குனிந்து ஓங்கரித்தாள். எச்சிலோடு புளித்த தண்ணீர்தான் வந்தது.

“நான் குருடாப் போனா உங்களுக்கு வசதி,” என்றாள், குனிந்தபடியே. “பஸ்கா முடியட்டும்னு சொன்னதெல்லாம் சும்மா.”

“அப்படிச் சொல்லாதே. குழுவில பேசிட்டோம். ஆபரேஷன் வேண்டாம்னு எல்லாரும் ஒரே மனசா சொல்றாங்க. குளிக்க, நடக்க, எல்லாத்துக்கும் ஆள் வெச்சுடறோம். பார்வை போனாலும் அது பிறவிக்கண்தானே? எவ்வளவு பார்வை இருக்கணும்னு தீர்ப்புல இல்லையாம். ரபியைக் கேட்டாச்சு.”

சிப்போரா வாயைக் கொப்பளித்தாள். மேடையைத் தடவி, முத்திரை விழுந்த கீரைக்கட்டை எடுத்து, அதே இலையைக் கிள்ளினாள். புழு இன்னும் அதில் ஊர்வது விரலுக்குத் தெரிந்தது. இடக்கையால் தேடித் தம்பியின் தாடையைப் பிடித்தாள். அவன் பின்வாங்க, சுவரோடு சேர்த்து அழுத்தினாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியலை, ஒபதியா. உனக்கும் ஒண்ணும் தெரியலை. முத்திரையும் குத்தியாச்சு. எங்கே, வாயைத் திற.”