நாலாவது ஆளின் சப்பாத்தளவு

துஷ்யா வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது கால்மிதியில் ஈரம் கிடந்தது. பனி கொட்டுகிற மாதத்தில் இதில் என்ன புதினம் என்று யாரும் கேட்கலாம். ஆனால் காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைசியாக வெளிக்கிட்டவள் அவள்தான், முதலில் திரும்பி வந்தவளும் அவள்தான். கணவன் லதீசன் இன்னும் பேருந்து ஓட்டிக்கொண்டிருப்பான். மகள் அபிஷா பள்ளிக்கூடத்தில் அப்பா வந்து கூட்டிப்போகும் வரைக்கும் விளையாடிக்கொண்டிருப்பாள். அப்படியிருக்க, அவர்கள் மூவரும் சப்பாத்துக் கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு பனித்துண்டுகள் இன்னும் கரையாமல் இருந்தன. பெரிய காலொன்றின் அடியிலிருந்து பெயர்ந்து விழுந்த துண்டுகள். நனைந்த கம்பளியின் மணம் வாசல் நடை முழுக்க நின்றது.

குளியலறைக் குழாயில் ஏதோ ஒழுக்காக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துடைத்தாள். குழாயிலிருந்து பனி வராது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் மனிசருக்கு ஒரு சாட்டு வேண்டியிருக்கிறது.

எல்லாம் அந்தப் பனிக்கால விடுமுறையால் வந்தது. அவர்கள் இருக்கிற எல்லிங்ஸ்ருட்டில் அபிஷாவின் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தக் கிழமை பனியில் சறுக்க மலைக்குப் போவார்கள். இவள் மட்டும் வீட்டில் கிடப்பாள். இந்த வருடம் பிள்ளை அழுதேவிட்டாள். லதீசன் இணையத்தில் தேடித்தேடி சுவிஸ் மலையில் ஒரு கிராமத்தைக் கண்டுபிடித்தான். அங்கே காருக்கு அனுமதியில்லை. பள்ளத்தாக்கிலிருந்து ஒரு சின்ன ரயிலில் ஏறிப் போகவேண்டும், பெட்டிகளைச் சறுக்கு வண்டியில் இழுத்து வருவார்கள். நாள் முழுக்கப் பேருந்தின் இரைச்சலுக்குள் இருக்கிறவனுக்கு, இஞ்சின் சத்தமே இல்லாத ஊர் என்றால் சொர்க்கம்தானே.

துரொண்ட்ஹெய்மிலிருந்து லதீசனின் அக்கா சிவமலர் தொலைபேசி எடுத்தபோது துஷ்யா சந்தோசத்தில் பயணத்தைப் பற்றிச் சொல்லிவிட்டாள். மச்சாள் உடனே குரலைத் தாழ்த்தினாள். மூன்று பேராய் நல்ல பயணம் வெளிக்கிடக்கூடாது, நாலாவது ஆளாய் ஒரு கல்லையென்றாலும் பைக்குள் போட்டுக்கொண்டு போங்கோ என்றாள். துஷ்யா இதைச் சொல்ல லதீசன் சிரித்தான். சிரித்துவிட்டு அக்கா சொன்னதைச் செய்தான். கல்லுக்குப் பதிலாக, நாலு பேர் அறைக்கும் அதே விலைதானே என்று விடுதிப் பதிவிலே ஒரு ஆளைக் கூட்டிவிட்டான். பெயரில்லாமல் அது ஏற்கவில்லை. மனைவியின் பெயரையே இரண்டாம் தரமும் அடித்துவிட்டான்.

"கல்லுக்கு உம்மடை பேர்தான் வைச்சிருக்கிறன்" என்று பகிடி விட்டான். அவளும் சிரித்தாள்.

சறுக்குச் சாமான் எடுத்துவைக்கச் சப்பாத்தளவு, உயரம், நிறை எல்லாம் தரச்சொல்லி விடுதியிலிருந்து கேட்டபோது துஷ்யா கொடுக்கவில்லை. அவளுக்குச் சறுக்கத் தெரியாது, சரிவைப் பார்த்தாலே இரண்டடி பின்னால் போவாள். நான் கீழே இருந்து தேத்தண்ணி குடிக்கிறன், நீங்கள் அப்பாவோடு போங்கோ என்று மகளிடம் சொன்னாள். அபிஷாவின் முகம் சுருங்கிப்போனது. மற்றப் பிள்ளைகளின் அம்மாமார் சறுக்குவார்கள், தன் அம்மா மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற வெட்கம் அந்த முகத்தில் இருந்தது. துஷ்யாவுக்கு நெஞ்சு நொந்தது. இந்தப் பிள்ளை தன் கையை விட்டு நழுவி வேறொரு இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறாள் என்ற பயம் அவளுக்கு எப்போதும் இருந்தது. இந்த உலகத்தில் வேறெதை இழந்தாலும் அவள் தாங்குவாள், அபிஷாவை மட்டும் முடியாது.

ஈரம் துடைத்த அன்று தலை இழுத்துவிடும்போதுதான் அபிஷா அதைச் சொன்னாள். சாதாரணமாக, பள்ளிக்கூடக் கதை சொல்வதுபோல.

"மற்ற அம்மா என்னோடை சறுக்க வாறாவாம்."

சீப்பு நின்றது. "எந்த மற்ற அம்மா?"

"நாலாவது ஆள். அவவுக்குப் பயமில்லை."

தகப்பனும் மகளும் சேர்ந்து விளையாடுகிறார்கள் என்று நினைத்தாள். நினைக்க முயன்றாள். அன்றிரவு லதீசன் கைபேசியைக் காட்டி, கடைசியில் நீரும் சறுக்க வெளிக்கிட்டீர், நல்ல வேலை என்றான். விடுதியிலிருந்து நன்றி சொல்லி எழுதியிருந்தார்கள். துஷ்யா என்ற பெயருக்குச் சப்பாத்தளவு வந்து சேர்ந்ததாம். நாற்பத்திநாலு. அவளுடைய காலுக்கு முப்பத்தேழே தொளதொளவென்றிருக்கும். நான் கொடுக்கவில்லை என்றாள். பிழையாய் அமத்தியிருப்பீர் என்று சொல்லிவிட்டு அவன் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பினான்.

அதற்குப் பிறகு வீடு மாறத் தொடங்கியது. மாலையில், வெளியே இருட்டி யன்னலில் தெருவிளக்கின் மஞ்சள் மட்டும் விழுந்திருக்கிற நேரத்தில், அவள் அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டு நிற்கும்போது, வாசல் பக்கத்தில் கட்டிப் பிளாஸ்டிக் சப்பாத்தோடு யாரோ குதியை முதலில் வைத்துப் பழக்கமில்லாத நடை நடக்கிற சத்தம் கேட்கும். டொக். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. டொக். எட்டிப் பார்த்தால் ஒருவரும் இல்லை, கம்பளி மணம் மட்டும். அபிஷாவின் அறைக்குள் சிரிப்புக் கேட்கும், கதவைத் திறந்தால் பிள்ளை கட்டிலில் ஒரு பக்கமாக ஒதுங்கிப் படுத்திருப்பாள். மற்றப் பக்கத்து விரிப்புத் தொடக் குளிரும். லதீசனிடம் சொன்னாள். உமக்கு வேலைக் களைப்பு என்றான். அவன் கெட்டவனில்லை. அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

துடைத்துப் பலனில்லை. அந்த ஆளை எடுத்துவிட வேண்டும்.

மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு விடுதிக்குத் தொலைபேசி எடுத்தாள். நல்ல மரியாதையான பெண் குரல். துஷ்யா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பதறாமல் சொன்னாள். நாங்கள் மூன்று பேர்தான், நாலு பேர் என்று பிழையாகப் பதிந்துவிட்டோம், துஷ்யா என்று இரண்டு முறை இருக்கிறது, அதில் ஒன்று இல்லாத ஆள், தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

தட்டச்சுச் சத்தம் கேட்டது.

"ஒருவர் எங்களோடு இரண்டு தடவை பேசியிருக்கிறார். அளவெல்லாம் கொடுத்திருக்கிறார். மகளுக்குப் பக்கத்துக் கட்டில் கேட்டிருக்கிறார்" என்றாள் அந்தப் பெண். "மற்றவரைப் பற்றி எங்களிடம் ஒன்றுமே இல்லை. இல்லாத ஆள் அவர்தானே?"

துஷ்யாவுக்கு ஆங்கிலம் வரவில்லை. "இல்லை, பொறுங்கோ, அது நான்—"

"எடுத்துவிட்டேன். இப்போது நீங்கள் மூன்று பேர். நல்ல பயணமாக அமையட்டும்."

தொடர்பு அறுந்தது. திரும்ப எடுக்க விரலை வைத்தாள். திரை அசையவில்லை. மற்ற விரல். அதுவும் இல்லை. சட்டையில் தேய்த்துவிட்டு அழுத்தினாள். கண்ணாடிக்கு அவள் விரல் படவேயில்லை.

வாசல் கதவு திறந்தது. லதீசனின் குரல், பிள்ளையின் குரல். அப்பாடா என்று ஓடிவந்தாள். அபிஷா ஒரு சப்பாத்தை இங்கேயும் மற்றதை அங்கேயும் எறிந்துவிட்டு வந்த வேகத்தில் நேரே அவளை நோக்கி ஓடிவந்தாள். கையை நீட்டினாள் துஷ்யா.

பிள்ளை அவளைக் கடந்து போனாள்.

"அம்மா!" என்று அடுப்படிக்குள் ஓடினாள்.

"கை கழுவிப்போட்டு வாங்கோ, செல்லம்." அடுப்படியிலிருந்து வந்தது துஷ்யாவின் குரல்.

லதீசன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொழுவினான். அவள் அவனுக்கு நேர் முன்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கத்தினாள். அவன் குளிர் தாங்காதவன்போலத் தோளைக் குலுக்கிக்கொண்டு, இண்டைக்கு என்ன சமையல் என்று உள்ளே கேட்டுக்கொண்டே போனான்.

அவளும் போனாள். கால் நிலத்தில் பாவாமலே போனாள்.

மேசையில் மூன்று தட்டு. அவளுடைய கதிரையில் ஒருத்தி இருந்தாள். உயரம். முதுகு. நனைந்த மயிர். லதீசன் எதிரே இருந்து கறியை ஊற்றிக்கொண்டிருந்தான். அபிஷா அந்த மடியில் ஏறியிருந்து, எந்த மலையில் முதலில் சறுக்குவது என்று ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு சந்தோசமாக அவள் கதைத்து துஷ்யா கேட்டதேயில்லை. அந்தக் கை புட்டைக் குழைத்து உருட்டியது. விரல்கள் நகம்வரை நீலம். அபிஷா ஆவென்று வாயைத் திறந்தாள். வாங்கினாள். மென்றாள். விழுங்கினாள்.

"பிள்ளை, துப்பு" என்று கதறினாள் துஷ்யா.

அபிஷா மறுபடி வாயைத் திறந்தாள். அவளுடைய உதடும் நீலமாகத் தொடங்கியிருந்தது.