நாலு டயரிலும் மூச்சில்லை!

காலை ஐந்தே முக்கால்.

போன் அலறியது.

"மேடம்... கொலை!"

டேப் மேடம் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். பேசியது மைதானத்து வாட்ச்மேன். வாயில் எதையோ அதக்கிக்கொண்டு பேசுவது போல் குரல் குழறியது.

"யாருய்யா செத்தது?"

"பேய் மேடம்! பேய் செத்துடுச்சு! நாலு டயரும் தரையோட தரை!"

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேய் என்பது பல் டாக்டருடைய கறுப்பு ஜீப். சேறு, பாறை, பள்ளம் என்று ரோடே இல்லாத இடத்தில் வண்டி ஓட்டும் அமெச்சூர் போட்டியில் மூன்று வருஷமாக முதல் பரிசு அதற்குத்தான்.

இந்த வருஷப் போட்டி இன்று. ஒன்பது மணிக்கு!

மெல்லத் திரும்பிப் பக்கத்தில் பார்த்தாள். புருஷன் கழுத்துவரை போர்த்திக்கொண்டு குப்புறப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். நாலு மணிக்கு அவள் புரண்டு படுத்தபோது அந்த இடம் காலி. இப்போது ஆள் இருக்கிறான். குறட்டைதான் கொஞ்சம் ஓவர்.

வாரம் முழுக்கப் பள்ளிக்கூட பஸ்ஸை முப்பதில் ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஜீப்பைச் சேற்றில் குதிக்க விடுகிறவன். மூன்று வருஷமாக இரண்டாம் பரிசு.

'இவனா...?'

நினைத்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

"என்னங்க, எழுந்திரிங்க."

அவன் கண்ணைத் திறந்தான். திடுக்கிட்டான். எப்போதும் 'நீ, வா, போ' என்று பேசுகிறவள். 'ங்க' வந்தால் வீட்டில் புயல்!

*

அவள் தொழில் தையல். பதினெட்டு வருஷம் ஊராரின் இடுப்பை அளந்தவள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அளவு கொடுக்கிறவர்கள் மூச்சை விடும்வரை டேப்போடு காத்திருக்கத் தெரிந்தவள். அதனால்தான் வண்டிகளுக்கு விதிமுறை எழுதும் வேலையைப் போட்டி நடத்தும் கிளப் அவளிடம் கொடுத்தது.

டயரின் உயரத்தை அளக்க மாட்டாள். காற்றைக் குறைத்தால் உயரம் குறைந்துவிடும். சுற்றளவு ஏமாற்றாது. இரண்டு தையல் டேப்பை ஒன்றாக வைத்துத் தைத்து, டயரின் இடுப்பைச் சுற்றி அளப்பாள். நூற்று நான்கு அங்குலம். அதற்கு மேல் போனால் வண்டி வெளியே!

மொத்தம் பதினாறு விதிகள். அதில் பதினாலாவதுதான் கறார்.

விதி பதினாலு: பரிசோதனை முடிந்து கிடங்கைப் பூட்டிய பிறகு, உள்ளே நுழைந்த போட்டியாளர் எவரானாலும் நீக்கப்படுவார்.

'எவரானாலும்' என்ற வார்த்தைக்குக் கீழே அவளே கோடு போட்டிருந்தாள்.

*

கூரை இல்லாத பழைய கிடங்கு. உள்ளே பதினோரு ஜீப்புகள். பத்து நிமிர்ந்து நின்றன. பேய் மட்டும் படுத்துக் கிடந்தது.

அவள் மதிலை ஒட்டி நடந்தாள். மேலே முள்கம்பி.

அதில் ஏதோ ஆடியது...

எட்டி எடுத்தாள். காக்கித் துணியில் ஒரு கிழிசல். ஓரத்தில் இரட்டைத் தையல். பச்சை நூல்!

காக்கி நூல் தீர்ந்துபோன அன்றைக்கு, 'பின்பக்கம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்' என்று புருஷனின் பேன்ட்டில் அவளே பச்சை நூலில் ஓட்டிய தையல்.

இப்போது அவளே பார்க்கிறாள்.

துணியைக் காட்டினால் புருஷன் போட்டியில் இல்லை. மறைத்தால் விதிப் புத்தகம் இருந்தும் இல்லை. கையை மூடிக்கொண்டாள். கோபம்கூட இல்லை. கல்யாணமான பதினைந்து வருஷத்தில் சொல்லாமல் ஒரு காரியம் செய்யத் தெரியாதவன், ஒன்றைச் சொல்லாமல் செய்துவிட்டான். அதுதான் உறுத்தியது.

"மேடம்!" பல் டாக்டர் சிரித்த முகமாக வந்தார். "நான் யாரையும் சந்தேகப்படலை. ஆனா பாருங்க... நான் படுத்துட்டா யாரு எழுந்திருப்பாங்கன்னு குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"யோவ் டாக்டர்!" கூட வந்திருந்த புருஷன் துள்ளினான். "என்னைச் சொல்றியா?"

"நான் சொல்லலை. நீங்கதான் சொல்றீங்க."

காலையிலிருந்து புருஷன் சுவரை விட்டு நகரவில்லை என்பதை அவள் கவனித்தாள். முதுகைச் சுவரில் ஒட்டவைத்து நண்டு மாதிரி பக்கவாட்டிலேயே நடந்துகொண்டிருந்தான்.

"இப்ப என்ன செய்யப் போறீங்க டாக்டர்?" என்றாள்.

"விதி ஒன்பது இருக்கே மேடம்! 'கிடங்குக்குள் சேதமான எதையும் சொந்தக்காரர் தன் கையாலேயே சரிசெய்துகொள்ளலாம்.' நான் டயரை மாத்திக்கிறேன்."

பத்தே நிமிஷத்தில் வேன் வந்தது. நான்கு புது டயர்கள் இறங்கின.

"டாக்டர், ஒரு ஸ்டெப்னி வெச்சிருக்கிறவங்களைப் பாத்திருக்கேன். நாலு?"

"முன்ஜாக்கிரதை மேடம்."

டேப்பைச் சுற்றினாள்.

நூற்றுப் பத்து!

ஆறு அங்குலம் அதிகம். இந்த டயரோடு சேற்றில் இறங்கினால் மற்றவர்கள் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

"அளக்குறீங்களா?" டாக்டரின் சிரிப்பு அகலமானது. "விதி ஆறு: பரிசோதனை ஒரே ஒரு முறைதான். நேத்தே முடிஞ்சுது. மாத்தின டயரைத் திரும்ப அளக்கணும்னு எங்கேயும் எழுதலையே மேடம்?"

எழுதவில்லை!

திரும்பத் திரும்ப அளக்கச் சொல்லி நச்சரிக்கிறார்களே என்று அவளே வைத்த விதி. தான் வெட்டிய துணியில் தானே விட்ட ஓட்டை. காது மடல் சுட்டது அவளுக்கு.

அப்போது வாட்ச்மேன் ஓரமாகப் போய்த் துப்பினான்.

பஞ்சு.

"வாயில என்னய்யா?"

"பல்லு மேடம்! ஒரு வாரமா உயிர் போச்சு. நேத்து நீங்க பூட்டிட்டுப் போனப்புறம் டாக்டர் வந்தாரு. தங்கமான மனுஷன்! அங்கேயே உக்கார வெச்சுப் புடுங்கி விட்டாரு. 'பஞ்சைக் கடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் கண்ணை மூடிப் படு'ன்னாரு. படுத்தேன்."

"சாவி எங்கே இருந்துச்சு?"

"தலைமாட்டுல."

அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. பேயைப் பார்த்தாள். டயர்களில் கீறல் இல்லை, குத்து இல்லை. காற்றைப் பிடித்து வைக்கும் வால்வு பின்கள் மட்டும் இல்லை. நாலும் பிடுங்கப்பட்டிருந்தன.

பிடுங்கப்பட்டிருந்தன...!

விடுவிடுவென்று வாசல் குப்பைத் தொட்டிக்குப் போனாள். கவிழ்த்தாள். காகிதம், பழத்தோல்... நான்கு பஞ்சு உருண்டைகள்!

பிரித்தாள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வால்வு பின். சுத்தமாகத் துடைத்து, பக்குவமாகச் சுற்றி.

"டாக்டர்... காத்தை இறக்குற திருடன் பின்னைத் தூக்கி வீசிட்டுப் போவான். இப்படிக் குழந்தையைத் தொட்டில்ல போட்ட மாதிரி சுத்தி வைப்பானா?"

டாக்டரின் சிரிப்பு வடிந்தது. தன் விரல்களையே வெறித்தார்.

"இருபது வருஷம் மேடம்..." குரல் இறங்கியது. "எதைப் பிடுங்கினாலும் கை தானா பஞ்சைத் தேடுது."

"பெரிய டயரை மாட்டுறதுக்காகப் பூட்டின கிடங்குக்குள்ள நுழைஞ்சிருக்கீங்க. விதி பதினாலு. வண்டியை வெளியே எடுங்க."

"அடி சக்கை!" புருஷன் சுவரை மறந்து குதித்தான். "அப்போ இந்த வருஷம் நான்தான் ஃபர்ஸ்ட்!"

அவள் மூடியிருந்த கையைத் திறந்தாள்.

பச்சை நூல்.

புருஷன் சட்டென்று மறுபடி சுவரில் ஒட்டிக்கொண்டான்.

"என்னங்க... கொஞ்சம் திரும்பி நில்லுங்க."

"எதுக்கு?"

"திரும்புங்க!"

திரும்பினான். அவசரத்தில் மாற்றாமல் வந்த காக்கி பேன்ட்டின் பின்பக்கம் ஜன்னல் திறந்திருந்தது. சுற்றி நின்ற ஓட்டுநர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"நான் ஒண்ணும் பண்ணலைடி! சத்தியமா!" என்றான். "காத்தை இறக்கலாம்னுதான் சுவர் ஏறினேன். போய்ப் பாத்தா எவனோ முன்னாடியே இறக்கிட்டான்! பழி என் மேல விழுமேன்னு பயந்து, பம்ப்பை எடுத்துக் காத்து அடிச்சேன். ஒரு மணி நேரம்! ஏறவே இல்ல!"

"பின் இல்லாத டயருக்கா?"

உள்ளங்கைகளை நீட்டினான். இரண்டிலும் கொப்புளம். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தப்பைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியாதவன்! இவனை நினைத்தா காலையிலிருந்து நெஞ்சு அடித்துக்கொண்டது?

பேனாவைத் திறந்தாள். பட்டியலில் பல் டாக்டருக்கு ஒரு கோடு. அதற்கு அடுத்த பெயருக்கும் ஒரு கோடு. இரண்டாவது கோடும் நேராகத்தான் விழுந்தது.

*

மத்தியானம். மேட்டின் மேல் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கீழே ஒன்பது ஜீப்புகள் சேற்றில் உறுமிக்கொண்டிருந்தன. அவன் இடுப்பில் அவளுடைய சால்வை.

"கோபமா?"

"ம்ஹூம். கூப்பிட்டிருந்தா டார்ச்சாவது பிடிச்சிருப்பேன். அப்புறம் நானே உன் பேரை அடிச்சிருப்பேன்."

'நீ' திரும்பி வந்துவிட்டது! அவன் நிம்மதியாக மூச்சு விட்டான். தைரியமும் வந்தது.

"அப்போ... வீட்டுக்குப் போனதும் இந்தப் பேன்ட்டைத் தைச்சுத் தருவியா?"

அவள் கைப்பையிலிருந்து ஊசியையும் பச்சை நூலையும் எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"சேதமானது கிடங்குக்குள்ள. விதி ஒன்பது... சொந்தக்காரர் தன் கையாலேயே!"