சீனிக்குட்டி விட்ட இடைவெளி

நான்கு எண்ணியாயிற்று. சீனிக்குட்டி இன்னும் பேசவில்லை.

சமையலறையில் புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்த சுசீலாவின் விரல்கள் நின்றன. கூடத்தில் அவளுடைய ஆறு வயது மகள் பத்மா தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் அந்தத் துணிப் பொம்மை, குன்றிமணிக் கண்களோடு, தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி காத்திருந்தது. ஐந்து. அதற்குப் பிறகுதான், "அப்படியா?" என்றது.

மூன்றுதான் எண்ண வேண்டும். சுசீலாவுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? எண்பதாம் வருஷத்திலிருந்து ஐந்து வருஷம் அந்தப் பொம்மைக்குக் குரல் கொடுத்தவள் அவள்தான். பொம்மைக்குள் நுழைந்து அதை ஆட்டிய கை பக்தவத்சலத்துடையது. கறுப்புத் திரைக்குக் கீழே, ஒட்டுப்பசையும் வியர்வையும் நாறுகிற இருட்டில், இருவரும் தோளோடு தோள் குந்தியிருப்பார்கள். "எங்கே, சொல்லுங்க பார்க்கலாம்" என்று அவள் கேட்டதும், அவர் தன் இடது விரலால் அவள் முழங்கையில் மூன்று முறை தட்டுவார். மூன்றாவது தட்டுக்கு அவள் "அப்படியா?" என்பாள். அவ்வளவுதான் வித்தை. ஆனால் அந்த மூன்று வினாடியில் ஊரிலுள்ள குழந்தைகளெல்லாம் பெட்டியைப் பார்த்துக் கத்தினார்கள். தாங்கள் சொன்னது சீனிக்குட்டிக்குக் கேட்டுவிட்டது என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் நிகழ்ச்சியை ஐந்து வருஷம் ஓட்டியது. இப்போது தொண்ணூற்றிரண்டில், பலர் எழுதிக் கேட்டார்களாம், பழைய நாடாக்களையே ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மறுபடி போடுகிறார்கள். ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பில் அந்த நேரத்துக்கு ஒரு குழந்தை தெருவில் இருக்காது.

கணவன் உலகநாதன் இரண்டாம் ஷிப்டு முடிந்து வந்ததும் அவள் சொன்னாள்.

"டேப்பு பழசாயிருக்கும்மே," என்றான் அவன். "எங்கனா அறுந்திருக்கும், ஒட்டியிருப்பானுங்க. நீ இன்னாத்துக்கு எண்ணிகினு கீறே?"

அவளும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்க முயன்றாள். ஆனால் அந்த வாரம் முழுக்க எதிலும் மனம் நிற்கவில்லை. துவைத்த துணியையே திரும்பத் துவைத்தாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கும் பின்கட்டுக்குமாக நடந்தாள். பீரோவின் அடியில் பக்தவத்சலம் அனுப்பிய மூன்று இன்லண்டு கடிதங்கள் கிடந்தன. கல்யாணமாகி அவள் நிகழ்ச்சியை விட்ட பிறகு வந்தவை. 'வேற பொண்ணை வச்சிப் பார்த்தேன். சீனிக்குட்டி வாயைத் திறக்க மாட்டேங்குது. ஒரு வார்த்தை பதில் போடு சுசீலா.' அவள் போடவில்லை. புகுந்த வீட்டில் என்ன நினைப்பார்களோ என்ற பயம். மறு வருஷம் அவர் இறந்துபோன செய்தியைப் பேப்பரில் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் மகளின் பின்னாலேயே நின்றுகொண்டாள்.

"இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க? எங்கே, சொல்லுங்க பார்க்கலாம்."

வரிசை முழுக்க, வீட்டுக்கு வீடு, பிள்ளைகளின் குரல் கிளம்பியது. பத்மா மட்டும் கத்தவில்லை. முன்னால் குனிந்து, பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வது போல, "ரசம் சாதம்" என்று முணுமுணுத்தாள். ஐந்து. ஆறு. ஏழு. பொம்மையின் துணி வயிறு மெல்ல உப்பி அடங்கியது.

"அப்படியா? ரசத்துல உப்பு கம்மியா இருந்திருக்குமே."

பத்மா சிரித்தாள். அன்று உப்பு குறைந்துதான் போயிருந்தது.

அந்த ஐந்து வருஷத்தில் பேசிய எந்த வரியும் சுசீலாவுக்கு மறக்கவில்லை. இதை அவள் பேசவே இல்லை. ஆனால் குரல் அவளுடையதுதான். பத்தொன்பது வயதுக் குரல்.

மறுநாள் குழாயடியில் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே கேட்டாள். "ஏன் சுசீலா, தொண்ட கட்டிகிச்சா? நீ பேசறது காத்து மாரி கீது."

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். காற்றுதான் வந்தது.

மூன்றாவது ஞாயிறு அவள் நாலரை மணிக்கே பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். வயரைச் சுருட்டிப் பரணில் போட்டாள். பத்மா அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. வழக்கமான இடத்தில், வழக்கம் போல, கறுத்துக் கிடந்த கண்ணாடிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். வெளியே வெயில் இன்னும் மஞ்சளாக அடித்தது. யார் வீட்டிலோ கருவாடு வறுபடும் வாசனை. தூரத்தில் மின்சார ரயில் ஒன்று ஆவடியை விட்டுக் கிளம்பும் சத்தம் தேய்ந்துகொண்டே போயிற்று.

ஐந்து மணிக்குச் சன்னல் வழியாக நிகழ்ச்சியின் தொடக்கப் பாட்டு வந்தது. கன்னியம்மா வீட்டில், அதற்கடுத்த வீட்டில், எதிர் வரிசையில். எல்லா வீட்டுச் சீனிக்குட்டியும் ஒரே குரலில் பேசியது. சுசீலா சன்னலைச் சாத்தினாள். கதவைத் தாழிட்டாள். அப்படியும் கேட்டது.

"குழந்தைகளா, இன்னிக்கு ஒரு வீட்டுல பெட்டியை மூடி வச்சிட்டாங்க. யார் வீடு? எங்கே, சொல்லுங்க பார்க்கலாம்."

ஒரு பிள்ளையும் யோசிக்கவில்லை. குடியிருப்பு முழுவதும் ஒரே தொண்டையாகச் சொன்னது.

"பத்மா ஊடு."

இடைவெளி.

சுசீலா எண்ணத் தொடங்கினாள். எண்ணாமல் இருக்க முடியவில்லை. பத்து. இருபது. பிள்ளைகளின் சத்தம் அடங்கிவிட்டது. கருவாடு பொரியும் ஓசை நின்றுவிட்டது. ஒரு காகம் கூடக் கத்தவில்லை. முப்பது. மகளைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடிவிட வேண்டும் என்று தோன்றியது. நாற்பது.

"அப்படியா?"

அது சன்னலுக்கு வெளியிலிருந்து வரவில்லை.

கூடத்திலிருந்து.

"சுசீலா," என்றது அந்தக் குரல். அவளுடைய குரல். "ஒரு வார்த்தைதானே கேட்டாரு. ஏன் பதில் போடல?"

அவள் வாயைத் திறந்தாள். வெறும் காற்று. பயந்துவிட்டேன் என்று சொல்லப் பார்த்தாள். என் பெண்ணை விட்டுவிடு. உதடு அசைந்தது. காற்று. கழுத்தைப் பிடித்துக்கொண்டு, உடம்பில் இருந்த அத்தனை பலத்தையும் சேர்த்து உந்தினாள். காற்று.

சுவரைப் பிடித்துக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். பெட்டி இருண்டுதான் கிடந்தது. திரையில் ஒன்றும் இல்லை. பத்மா அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பின்னலில் வைத்த கனகாம்பரம் ஆடாமல் இருந்தது.

பத்மாவின் கவுன் முதுகுப் பக்கம் புடைத்தது.

முதலில் இடுப்பருகே. பிறகு நடு முதுகில், ஒரு கை நுழைந்தது போல. மணிக்கட்டு கனத்துக்கு. முழங்கை கனத்துக்கு. துணிக்கடியில் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து கழுத்தை நோக்கி ஏறின. பத்மா தரையில் கை ஊன்றவில்லை. ஊன்றாமலே எழுந்தாள். மேலே. இன்னும் மேலே. அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெதுவாக, மிக மெதுவாக அம்மாவின் பக்கம் திரும்பியது. உடம்பு திரும்பவில்லை.

கவுனுக்குக் கீழே அந்தச் சின்னக் கால்கள் இரண்டும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், உள்ளே எலும்பே இல்லாத துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன.