திருத்தெண் இரண்டு

திங்கட்கிழமை காலையில் பூவிழியின் அலுவலகத்தில் எல்லோரும் சான்றுப்பலகை என்ற பெரிய திரைக்கு முன்னால் கூடிவிடுவார்கள். அணை மதகுகளை இயக்கும் மென்பொருளில் யாருடைய வேலை எத்தனை நாளில் முடியும் என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். செந்தூரன் வழக்கம்போல், "நாலே நாளுங்க்கா" என்பான். அவன் முன்பு சொன்ன நாட்களையும் உண்மையில் எடுத்துக்கொண்ட நாட்களையும் ஒப்பிட்டு, பலகை அவனுக்கு இரண்டரை என்று ஒரு திருத்தெண் போட்டிருந்தது. நாலு, திரையில் பத்தாகிவிடும். அவனும் கூச்சமில்லாமல் சிரிப்பான்.

வாய்க்கு வந்த தேதியை நம்பி மக்கள் ஊர் ஊராகத் தவித்த பிறகு வந்த சட்டம் அது. எந்தத் தொழிலிலும் பலகை திருத்திச் சான்று தராத எண் செல்லாது. அந்தச் சட்டத்தைப் பூவிழி கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள்.

ஆவணியில் டாக்டர் எஸ்தர், பூவிழியின் கணவன் தீரனுக்கு ஆயுள் இன்னும் ஆறு மாதம் என்றார். பூவிழி அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் பொதுப் பதிவேட்டில் டாக்டரின் திருத்தெண்ணைத் தேடினாள். இரண்டு என்றிருந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பன்னெண்டு மாசம் இருக்குங்க," என்றாள் தீரனிடம். "சித்திரையில வேலை முடிஞ்சிரும். அப்புறம் லீவு போட்டுட்டு உங்க கூடவே இருக்கறேன்."

இப்போதே போட முடியாதா என்று அவன் ஒரே ஒரு முறை கேட்டான். அவள் கணக்கைப் போட்டுக் காட்டினாள். சரி என்று தலையாட்டிவிட்டான், பாவி மனுஷன்.

மாசி பிறந்த மூன்றாம் நாள், அவள் அலுவலகத்தில் இருந்தபோது தீரன் போய்ச் சேர்ந்தான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பூவிழி டாக்டரிடம் போய்ச் சண்டை பிடித்தாள். அவருடைய திருத்தெண் பொய் என்றாள். எஸ்தர் அவளைப் பேசி முடிக்க விட்டார்.

"என் கணிப்பு மூணு மாசந்தானுங்க. பலகை அதை ஆறாக்குச்சு. ஆஸ்பத்திரியில திருத்தின எண்ணைத்தான் நாங்க வெளியில சொல்லணும். நீங்க அதை இன்னொரு தடவை பெருக்கிட்டீங்க."

பூவிழி பதினெட்டு வருடம் அந்தப் பலகையோடு வேலை பார்த்தவள். அந்த எண் ஏற்கெனவே திருத்தியதா என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே. தீரனிடமாவது சொல்லியிருக்கலாமே என்றாள்.

எஸ்தர் சற்றுத் தயங்கினார். "புரட்டாசியில அவரே வந்து, ஆறுங்கறது ஏற்கெனவே திருத்தினதான்னு கேட்டாருங்க. சொன்னேன். உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டார். 'அவ தைரியமா நடமாடறா டாக்டர், அது அப்படியே இருக்கட்டும்'னார்."

ஐந்து மாதம். ஒவ்வொரு மாலையும் அவள் வீடு திரும்பியபோது, இன்றைக்கு வேலை எப்படிப் போச்சு என்று கேட்டிருக்கிறான். அவளும் விலாவாரியாகச் சொல்லியிருக்கிறாள். பூவிழி டாக்டரின் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, வெளியே ஆட்கள் காத்திருப்பதையும் பாராமல், ஓவென்று அழுதாள்.