இடக்கைக்குக் கொடுத்த பயிற்சி

மாமியார் சுமார்னிக்குத் தேநீர்க் கோப்பையை இடக்கையால் நீட்டிவிட்டாள் ரெத்னோ. ஜாவாத் தீவின் ஜோக்ஜா நகரில் பிறந்து வளர்ந்தவள் செய்யக்கூடிய காரியமா அது?

"எனக்கே இடக்கையாலயா? படிச்ச மருமகள்னு ஊரெல்லாம் பெருமை பேசிட்டிருக்கேன், நல்லா மானத்த வாங்குறே!"

"தெரியாம வந்துடுச்சு அத்தை."

தெரியாமல்தான் வந்தது. வலக்கையை நீட்ட நினைத்து முடிப்பதற்குள் மற்றது முந்திக்கொண்டிருந்தது.

அவள் வேலை பார்க்கும் மூளை ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம்: புதுக் கருவி வந்தால் முதலில் தங்கள் தலையிலேயே சோதித்துப் பார்ப்பார்கள். இந்த முறை நாற்பது நாள் ரெத்னோவின் தலை. பிடரிக்கு மேலே, சிறுமூளையின் இடப்பக்கம் காந்தச் சுருள். குறிப்பெழுத வலக்கை வேண்டுமே என்று பயிற்சியை இடக்கைக்குக் கொடுத்தது அவளுடைய புத்திசாலித்தனம். கருவி கீச்சென்று ஒலிக்கும். விரல்கள் ரப்பர் பந்தை நெரிக்க வேண்டும். சரியான நேரத்தில் நெரித்தால் சிறுமூளைக்குள் ஒரு துடிப்பு பாயும், உடம்பெல்லாம் சந்தோஷம் பொங்கும். "கல்யாணத்தன்னிக்குக்கூட நீ இப்படிச் சிரிச்சிருக்க மாட்டேக்கா" என்று கூட வேலை பார்க்கும் விஸ்னு கேலி செய்தான். சோதனை முடிந்து ஒரு வாரமாகிறது. கைக்கு மட்டும் அது தெரியவில்லை.

அத்தை அடுத்த தெருவில் நடக்கும் பிரார்த்தனைக்குக் கிளம்பிப் போனார். சாயங்கால மழையின் ஈரவாடையும் அடுப்பில் தீய்ந்த தேங்காய்ப்பாலின் நெடியும் கலந்து வீட்டுக்குள் தேங்கி நிற்க, கூரைச் சந்திலிருந்து மரப்பல்லி விட்டு விட்டுக் கத்த, ஒவ்வொரு கத்தலுக்கும் அவளுடைய இடக்கை விரல்கள் மடங்கி விரிந்தன. அவள் அந்தக் கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்தாள்.

தொட்டிலில் எட்டு மாத மகன் திர்தா சிணுங்கினான். கீச்சென்ற குரல். கருவியின் அதே சுருதி.

ரெத்னோ பயந்துபோனாள். குழந்தையைச் சுமக்கும் துணியை எடுத்துக் கையை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினாள்.

"அழாதடா கண்ணு. அம்மா பக்கத்துல வரமாட்டேன். அழாத."

மறுபடி சிணுங்கினான். முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. எப்போது?

வாசலுக்கு ஓட எழுந்தாள். கால்கள் தொட்டிலுக்குப் போயின.

வலக்கையால் இடது மணிக்கட்டைப் பிடித்தாள். வியர்வை. வழுக்கியது. குனிந்தாள்.

மெத்தென்ற கழுத்து. பந்தைவிடச் சிறியது. விரல்கள் சுற்றி வளைத்துக்கொண்டன. நெரிக்கவில்லை. காத்திருந்தன.

திர்தா அம்மாவைப் பார்த்தான். உதடு பிதுங்கியது. அழுவதற்கு மூச்சை இழுத்தான்.

சத்தம் இன்னும் வரவில்லை. அதற்குள் ரெத்னோ சிரிக்கத் தொடங்கியிருந்தாள்.