யாரோ தூக்கி வைத்த குழந்தை

எஸ்நாத் போட்ட முடிச்சு தானாக அவிழ்ந்ததாகச் சரித்திரமே கிடையாது. சிதென்ஜே துணியைக் குழந்தையின் முதுகோடு சுற்றி, அக்குளுக்கு அடியில் கொண்டுவந்து, மார்புக்கு மேலே ஒரே இழுப்பில் அவள் முடிந்துவிட்டால், வீட்டுக்குப் போய் அதை அவிழ்க்க அவளே பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும். அந்த முடிச்சு இன்று தேயிலைத் தொழிற்சாலை வளைவைத் தாண்டியதும் ஒருமுறை தளர்ந்தது. மதகுக்குப் பக்கத்தில் வந்தபோது மறுபடியும் தளர்ந்தது.

முதல் தடவை அவள் ஈரத்தின் மேல் பழியைப் போட்டாள். சிபெரோனி இறங்கியிருந்தது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து உட்கார்ந்துகொள்ளும் அந்தக் குளிர்மூட்டம், மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல், வந்த விருந்தாளி கிளம்ப மனமில்லாமல் இழுத்தடிப்பது போல நாள் கணக்கில் கிடக்கும். கொடியில் போட்ட குழந்தைத் துணிகள் வாரமானாலும் காயாது. ரொட்டி பூசணம் பூத்துப்போகும். சாலையின் இரண்டு பக்கமும் மைல் கணக்கில் பரந்து கிடக்கும் தேயிலைச் செடிகள் இருந்த இடமே தெரியாது. அவற்றிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம் மட்டும் எல்லாப் பக்கத்திலிருந்தும் கேட்கும். ஆறு மணிகூட ஆகவில்லை, அதற்குள் ஊரே கண்ணை மூடிக்கொண்டுவிட்டது.

பொழுதெல்லாம் தேயிலை சலிக்கும் அறையில் நின்றதில் அவள் கால்கள் கட்டையாகிப் போயிருந்தன. மூக்குக்குள் தேயிலைத் தூள் அரித்தது. மத்தியானத்துக்கு மேல் மார்பு கனத்து வலித்தபோது கழிப்பறைக்குள் போய்ப் பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டாள். அதற்கும் மேற்பார்வைக்காரர் கதவுக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமினார். குழந்தை யன்கோவைப் பகலில் பார்த்துக்கொள்வது நாம்வாலே என்பவள். தொழிற்சாலை வாசலுக்கு எதிர்வீட்டில், நாலைந்து குழந்தைகளை ஒரே பாயில் உருட்டிவிட்டு, யாரையும் அழவிடாமல் வளர்க்கும் கெட்டிக்காரி. கணவன் ஜோனிக்குப் போய்விட்டான். ஜோகன்னஸ்பர்க்கை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, "புள்ள நல்லா இருக்கானா?" என்று கேட்பதோடு அவன் கடமை முடிந்தது.

இன்றைக்கும் நேரமாகிவிட்டது.

"என்ன யன்கோம்மா, இன்னிக்கும் இருட்டுறதுக்குக் காத்திருந்துதான் விட்டாங்களா?" என்று கேட்டபடியே நாம்வாலே குழந்தையோடு வாசலுக்கு வந்தாள்.

"ரெண்டு பேர் வரலக்கா. அவங்க வேலையும் என் தலையிலதான் விழுந்துச்சு."

எஸ்நாத் கையை நீட்டினாள். யன்கோ அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு, முகத்தை நாம்வாலேயின் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டான்.

"அட பாரேன், பெத்தவளப் பாத்து யாரோ எவரோன்னு முழிக்கிறான்!" நாம்வாலே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "இப்படியே போனா, ஒருநாள் உங்கிட்ட அடையாள அட்டை கேப்பான் பாரு."

எஸ்நாத்தும் சிரித்தாள். சிரித்துத்தானே ஆகவேண்டும். உள்ளே சுருக்கென்று தைத்தது. அவன் பிறந்ததிலிருந்து அவளுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். இந்தப் பிள்ளை தன்னை மறந்துவிடுவான், தான் சம்பாதித்துக்கொண்டிருக்கும்போதே இவன் வேறு யாருக்கோ பிள்ளையாகிவிடுவான் என்று. பிடுங்கி எடுக்கும்போது அவன் அலறினான். இருமினான். முதுகில் போட்டுக் கட்டும்போது அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை.

"மார்ல தைலம் தேச்சிருக்கேன், காத்துபடாமப் போ," என்று பின்னாலிருந்து நாம்வாலே கத்தியது மூட்டத்துக்குள் கரைந்தது.

அப்புறம்தான் மதகு. துணி இடுப்புக்கு வழுக்கியது. ஒரு கையால் பிள்ளையைப் பின்னால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையில் பையோடு, வழுக்கும் சேற்றில் அவள் தடுமாறிக்கொண்டிருந்தபோது முதுகில் பாரம் சட்டென்று குறைந்தது.

"குனிங்கம்மா. நான் பிடிச்சுக்கறேன்."

ஒரு பெண்குரல். எஸ்நாத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஊரில் யாரும் பார்க்க மாட்டார்கள். பிள்ளையைக் கட்டத் திணறுகிறவளைக் கண்டால், வழியில் போகிற எவளும் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கை கொடுப்பாள். தாய் குனிய வேண்டும், வந்தவள் பிள்ளையை முதுகில் தூக்கி வைக்க வேண்டும், முடிந்துகொண்டு நன்றி சொல்லிவிட்டு அவரவர் வழியே போக வேண்டும். பேருந்து நிலையத்தில், சந்தையில், கோயில் வாசலில் தினமும் நடப்பது. நீ யார், எந்த ஊர் என்று கேட்பதுதான் மரியாதைக்குறைவு.

அவள் முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்தாள். கண்ணுக்கு நேரே செம்மண் சேறும் தன் ரப்பர் செருப்பும். முதுகு காலியாக இருந்தது. காலையிலிருந்து முதன்முதலாக எதுவும் அவளை அழுத்தவில்லை. எவ்வளவு சுகம்! கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் வச்சுக்கயேன், என்று மனதுக்குள் ஓடியது. அவசரமே இல்ல, நீயே வச்சுக்க.

ஒரு பிள்ளையைத் தூக்கி வைக்க அவ்வளவு நேரம் ஆகாது என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

பாரம் முதுகில் இறங்கியது. துணியை இழுத்து முடிந்தாள். முடிச்சு இரும்பு மாதிரி நின்றது. "புண்ணியமாப் போகும்" என்று நிமிர்ந்தபோது, நீள அங்கி உடுத்த ஒரு முதுகு தொழிற்சாலைப் பக்கமாக மூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்த முதுகிலும் ஒரு மூட்டை கட்டியிருந்தது. அவளும் பிள்ளைக்காரிதான், பாவம், என்று நினைத்துக்கொண்டு எஸ்நாத் நடந்தாள்.

கொஞ்ச தூரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டும், களி கிண்ட வேண்டும், நேற்றைய கருவாட்டுக் குழம்பு கொஞ்சம் இருக்கிறது, காலையில் துணி காய்ந்திருக்காவிட்டால் கரிச்சட்டிக்கு மேல் பிடித்துக் காய வைக்க வேண்டும் என்று அவள் மனசு வழக்கமான செக்கைச் சுற்றி வந்தது. அழாமல் வருகிறானே, தூங்கிவிட்டான் போல, இன்றைக்காவது நிம்மதி என்றுகூட நினைத்தாள். பிறகு, முதுகு குளிர்வதை உணர்ந்தாள்.

பிள்ளையைக் கட்டிய முதுகு குளிராது. எந்தச் சிபெரோனியிலும் குளிராது. அந்த ஒரு இடம் மட்டும் அடுப்படி மாதிரி கதகதவென்று இருக்கும், அதற்காகவே குளிர்காலத்தில் யன்கோவைச் சுமப்பது அவளுக்குப் பிடிக்கும். இப்போது அங்கே, ரவிக்கையைத் தாண்டி, கிணற்றுக் கல்லில் சாய்ந்தது போலச் சில்லென்று இருந்தது. நனைந்துவிட்டான், வேறொன்றுமில்லை. மூத்திரம் போயிருப்பான். தைல வாசனை வருகிறதா என்று முகர்ந்தாள். வரவில்லை. வந்தது, நெடுநாள் ஒரே இடத்தில் கிடந்த கல்லைப் புரட்டினால் அடியிலிருந்து வருகிற வாடை.

"யன்கோ," என்றாள். "கண்ணு, தூங்குறியா?"

இருமலும் இல்லை. காலையிலிருந்து விடாமல் இருமியவன்.

பின்னால் சைக்கிள் மணி கேட்டது. உயிர் வந்தது அவளுக்கு. பக்கத்து வரிசை வீட்டு லைட்டன், பின் இருக்கையில் கரிமூட்டையை வைத்துக்கொண்டு மிதித்து வந்தான். அவளை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்தான்.

"யன்கோம்மாவா? மூட்டத்துல யாரோன்னு பாத்தேன். கரிமூட்ட இல்லன்னா ஏத்திக்கிட்டுப் போயிருப்பேன்." அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "அட, என்னப் பாத்துச் சிரிக்கிறான்! வாய் நிறையப் பல்லு! எப்ப முளைச்சுது? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீங்க!"

யன்கோவுக்கு ஈறு இன்னும் வழவழவென்றுதான் இருந்தது. நேற்றுக்கூட விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள்.

"லைட்டன், கொஞ்சம் நில்லு, பிள்ளைய..."

இறக்கம் வந்துவிட்டது. சைக்கிள் உருண்டது. சிவப்பு விளக்கு ஒரு நொடி தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை.

அவள் நின்றாள். இறக்கிப் பார்த்துவிடு என்று ஒரு மனம் சொன்னது. பார்க்காதே என்று இன்னொரு மனம் கெஞ்சியது. பார்க்காத வரைக்கும் அது யன்கோதான். லைட்டன் விளையாட்டுப் பேச்சுக்காரன், இருட்டில் எதைப் பார்த்தானோ. வேலைக் களைப்பு. காலையிலிருந்து சாப்பிடவில்லை. தன் புத்தியே தன்னைப் பயமுறுத்துகிறது. மெதுவாகக் கையைக் கீழே இறக்கினாள். இடுப்பின் இரண்டு பக்கமும் பிள்ளையின் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இடது காலைத் தேடிப் பிடித்தாள்.

சின்னக் கால்தான். பிள்ளைக் கால் அளவுதான். கட்டைவிரலால் பாதத்தைத் தடவினாள்.

பாதம் காய்த்துப் போயிருந்தது. குதிகால் வெடித்திருந்தது. வெடிப்புக்குள் மண். வருஷக்கணக்கில் செருப்பில்லாமல் நடந்த கால்.

எஸ்நாத் கையை எடுத்தாள்.

அப்போது அழுகைச் சத்தம் கேட்டது.

வெகு தூரத்தில். பின்னால். மதகுக்கும் அப்பால். அழுகை, நடுவில் இருமல், மறுபடி அழுகை. ஆயிரம் பிள்ளைகள் சேர்ந்து அழுதாலும் அவளுக்குத் தெரியும். அவள் காதுக்குத் தெரிவதற்கு முன்னால் அவள் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. மார்பு சுரீரென்று இழுத்தது. பால் சுரந்து ரவிக்கையை நனைத்தது. சூடாக. இரண்டு பக்கமும்.

நீயே வச்சுக்க என்று நினைத்தேனே. பாவி, நான் நினைத்தேனே!

"யன்கோ! வந்துட்டேண்டா! அம்மா வந்துட்டேன்!"

திரும்பி ஓடினாள். பை எங்கேயோ விழுந்தது. ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. ஓடிக்கொண்டே முடிச்சைப் பிடித்து இழுத்தாள். இதைக் கீழே எறிந்துவிட்டால் போதும். எறிந்துவிட்டு ஓடினால் எட்டிவிடலாம். நகம் பிய்ந்தது. முடிச்சு அசையவில்லை. மறுபடி இழுத்தாள். விரல்களின் மேல் ஏதோ பட்டது. குளிர்ந்த, குட்டி விரல்கள். அக்குளுக்கு அடியிலிருந்து நீண்டு வந்து, முடிச்சைப் பிடித்திருந்தன. பிடித்து, இறுக்கின.

அழுகை நகர்ந்தது. சாலையிலிருந்து விலகி, தேயிலைச் செடிகளுக்குள். மேட்டுப் பக்கம். யாரோ நிதானமாக நடந்து போகிற வேகத்தில்.

"யாரும்மா நீ? என் பிள்ளயக் குடுத்துரு! உன் கால்ல விழறேன், குடுத்துரு!"

செடிகளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

முதுகில் பாரம் அசைந்தது. துணிக்குள் வழுக்கியது. விலாவைச் சுற்றி, மெதுவாக, பாலுக்குப் பழகிய பிள்ளை வருவது போல அக்குள் வழியாக முன்னால் வந்தது. அந்தக் கனத்தில் எஸ்நாத் சாலையோரச் சேற்றில் உட்கார்ந்தாள். ரவிக்கை விலகியது. குளிர்ந்த வாய் ஒன்று மார்பைத் தேடிப் பிடித்தது.

பற்கள்.

தூரத்தில் யன்கோ அழுதான். பால் இறங்கியது. அவன் அழ அழ இறங்கியது. அவனுக்காகச் சுரந்தது முழுவதையும் இது குடித்தது. மடக் மடக்கென்று. தள்ளினாள். தள்ளத் தள்ளப் பற்கள் அழுந்தின. அழுகை இளைத்தது. இருமலானது. அப்புறம் அதுவும் இருக்கிறதா, தன் காதுதான் கேட்டுக்கொண்டிருக்கிறதா என்று தெரியவில்லை.

தேயிலை லாரி ஒன்று வளைவில் திரும்பியது. மூட்டம் முழுவதும் மஞ்சளாக வெளுத்தது. அந்த வெளிச்சத்தில் அவள் குனிந்து பார்த்தாள்.

யன்கோவின் முகம். அதே நெற்றி, அதே மூக்கு, இடது புருவத்தில் அதே சுழி. வாயை எடுக்காமல் அது கண்ணை உயர்த்தி அவளைப் பார்த்தது. யாரோ எவரோ என்று முழிக்கவில்லை. முகத்தைத் திருப்பவில்லை. நாளெல்லாம் அவளுக்காகவே காத்துக் கிடந்தது போல, அவளை விட்டால் உலகத்தில் யாருமே இல்லாதது போல, கண் நிறையப் பார்த்தது. பால் வழியும் உதட்டோரத்தில் சிரித்தது.

லாரி போய்விட்டது. இருட்டில் தேயிலை மேட்டின் உச்சியில் ஏதோ ஒருமுறை இருமியது. எஸ்நாத் எழுந்திருக்கத்தான் நினைத்தாள். அவளுடைய வலது கை மட்டும், அவள் சொல்லாமலே உயர்ந்து, மடியில் கிடந்ததன் முதுகை மெல்லத் தட்டிக் கொடுக்கத் தொடங்கியது.