எறும்பு கடித்த மாதிரி

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் சாத்துக்குடியும் பிஸ்கட்டும் வாங்கிப் போகிற வழக்கம் தூத்துக்குடியில் நின்று ஆறு வருடமாகிறது. இப்போது வெறுங்கையோடு போகலாம். நோவுமாற்றி என்கிற கருவியில் உட்கார்ந்து அரை மணி நேரம் அவருடைய வலியை வாங்கிக்கொண்டால் போதும். அதைச் செய்யாமல், "இப்ப எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வருகிறவனை ஊர் கஞ்சப்பயல் என்றது.

ஆறுமுகநயினார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஏணியில் சறுக்கி, வலது தோளில் தசைநார் கிழிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, தொண்ணூறு நாள் மருத்துவ விடுப்பில் இருந்தார். தொண்ணூறாவது நாள் கை தலைக்கு மேலே போயாக வேண்டும். போகாவிட்டால் கிரேன் கிடையாது. வாசலில் நின்று லாரிக்கு நம்பர் எழுதுகிற வேலைதான், அதுவும் நிரந்தரமாக. இருபத்திரண்டு வருடம் மேலேயிருந்து கப்பலைப் பார்த்த மனிதருக்கு அதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

விடுப்பு என்றால் ஓய்வு என்று நினைக்கிறவர்கள் ஒரு மாதம் எடுத்துப் பார்க்கட்டும். காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதினால் கால் தானாகச் செருப்பைத் தேடும். தெருவில் போகிறவன் ஒருத்தன், "என்ன அண்ணாச்சி, சொகமா ரெஸ்டா?" என்பான். அவனைக் கடித்துக் குதறலாம் போல இருக்கும்.

கடற்கரையை ஒட்டிய மறுபயிற்சி நிலையத்துக்குத்தான் நயினார் தினமும் போனார். பயிற்சியாளர் அபிஷா அவர் பிடரியில் ஒரு பட்டையை ஒட்டுவாள். எதிர் நாற்காலியில் இருக்கிற சுமப்பவரின் பிடரியில் இன்னொன்று. நயினாருடைய தோளின் வலி முழுவதும் அவருக்குத் தெரியாமலே எதிராளிக்குப் போய்விடும். கை தயங்காமல் உயரும். ஆறு மாதத்துப் பயிற்சி ஆறு வாரத்தில் முடியும். ஒரே ஒரு குறை. நோவுமாற்றிக்கு வலியைக் கடத்தத் தெரியும், அளக்கத் தெரியாது. போதும் என்று சொல்ல ஒரு மனிதன் வேண்டும். சுமப்பவரின் கைக்கு அருகே ஒரு சிவப்புப் பொத்தான் இருப்பது அதற்காகத்தான்.

முதல் வாரம் கிரேன்காரர்கள் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். மூன்றாவது வாரம் ஒருவருக்கு மச்சினி கல்யாணம், இன்னொருவருக்கு வயிறு சரியில்லை. கிளாட்வின் மட்டும் தவறாமல் வந்தான். மற்றவர்கள் பெயரில் அவனே கையெழுத்துப் போட்டு, அவர்கள் முறையையும் சுமந்தான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் என்பது விதி. அவன் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தான்.

காரணம் இருந்தது. விபத்தன்று நயினாரிடமிருந்து ஷிப்டை வாங்க வேண்டியவன் அவன். நாற்பது நிமிடம் பிந்தி வந்தான். அதுவரை கூடுதலாக ஓட்டிய களைப்போடு இறங்கும்போதுதான் அவர் சறுக்கினார். நயினார் இதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. திட்டித் தொலைத்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எழுபத்தோராம் நாள் காலை. "ஆறு தடவ தூக்குங்க, போதும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அபிஷா அடுத்த அறைக்குப் போனாள். நயினார் ஆறு தூக்கினார். கை காது வரைக்கும் வந்துவிட்டது. இன்னும் ஒரு சாண்தான்.

"எப்படில இருக்கு?" என்று எதிரே இருந்த கிளாட்வினிடம் கேட்டார்.

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்குண்ணே. நீங்க தூக்குங்க."

ஏழு. எட்டு. கிளாட்வின் நெற்றியில் வேர்வை சொட்டியது.

"மொகமெல்லாம் வேர்த்திருக்கே?"

"ஃபேன் ஓடலண்ணே."

ஒன்பதாவது தடவை தோளுக்குள் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நயினாருக்கு ஒன்றுமே தெரியவில்லை. எதிரே கிளாட்வின் சத்தமில்லாமல் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தான்.

மறுபடி தைத்தார்கள். இந்தத் தடவை தையல் சரியாகப் பிடிக்கவில்லை. தொண்ணூறாவது நாள் கை நெஞ்சு வரைக்கும்தான் வந்தது. நயினார் வாசலில் நின்று லாரிக்கு நம்பர் எழுதினார், இடது கையால். தலைக்கு மேலே கிரேன் நகரும். நிமிர்ந்து பார்க்க மாட்டார். மன்னிப்புக் கேட்டு வந்த கிளாட்வினிடம் ஒரே ஒரு தடவை பேசினார்.

"வலிக்கின்னு சொல்லுததுக்கு என்னல கேடு? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? எம் பொழப்பயே கெடுத்துட்டியேல!"

அதற்குப் பிறகு மூன்று மாதம் நயினார் அவன் முகத்தில் விழிக்கவில்லை.

ஒரு நாள் அபிஷா போன் செய்தாள். "கிளாட்வின் அண்ணனும் இப்ப லீவுல இருக்காவ அண்ணாச்சி. அளவுக்கு மீறிச் சுமந்ததுல ஒங்க வலி அவுக மூளையிலயே தங்கிட்டு. தோள்ல ஒரு கீறல் கிடையாது, ஆனா கையத் தூக்க முடியல. கிரேன்காரங்க யாரும் எட்டிக்கூடப் பாக்கல. சுமக்க ஆளில்லாமப் பயிற்சி நிக்கி."

அவனுக்கும் தொண்ணூறு நாள்தான். நாற்பது நாள் போய்விட்டது.

உண்மை பேசுவது எப்படி என்று அந்தப் பயலுக்குக் காட்டிவிட்டு வருகிறேன் என்று முனகிக்கொண்டே நயினார் கிளம்பினார். வலித்தால் பட்டென்று பொத்தானை அமுக்கிவிட வேண்டியது. அப்போதாவது உறைக்கட்டும்.

சுமப்பவர் நாற்காலியில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கிளாட்வின் இளைத்துக் கிடந்தான். அபிஷா பட்டைகளை ஒட்டிவிட்டு நோவுமாற்றியை முடுக்கினாள்.

வலி வந்தது. நயினாருக்கு மூச்சு நின்றது. ஐயோ, இதுவா! எழுபத்தோராம் நாள் அவருக்கு வர வேண்டியிருந்த வலி, அவருடைய சொந்த வலி, நாலு மாதம் அடுத்தவன் உடம்பில் இருந்துவிட்டு இப்போதுதான் வீடு திரும்புகிறது. இதையா இவன் ஒன்பது தடவை தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்? முதல் தடவையிலேயே அலறியிருக்க வேண்டுமே, படுபாவி!

எதிரே கிளாட்வின் கையைத் தூக்கினான். தோள் வரை, காது வரை. வலியில்லாமல் தன் கை உயர்வதைப் பார்த்து அவன் முகம் மலர்ந்தது. உடனே பயந்துபோய் அவரைப் பார்த்தான்.

"ரொம்ப வலிக்காண்ணே?"

சொல்ல வேண்டியதை நயினார் வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தார். வாயைத் திறந்தார்.

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்குல. நீ தூக்கு."

கிளாட்வினின் கை அப்படியே நின்றது.

"அண்ணே" என்றான் மெதுவாக. "அது எம் பொய்யில்லா?"

நயினாரின் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து கண்ணுக்குள் போனது. அவர் துடைக்கவில்லை.

"அன்னைக்கு ஃபேன் ஓடுச்சுல" என்றார். "நான் பாத்தேன். பாத்துக்கிட்டேதான் தூக்குனேன்."

சிவப்புப் பொத்தான் அவர் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவர் அமுக்கவில்லை. அமுக்குங்கள் என்று கிளாட்வினும் சொல்லவில்லை. அபிஷாதான் ஓடி வந்து அமுக்கினாள்.